பள்ளியும் ஊரும் வளர்க்கும் நாட்டு மரங்கள்: கொங்கு வட்டாரத்தில் எந்த அறிகுறிக்கு என்ன செய்வது?

கன்று செத்துப்போனால் முதலில் மண்ணைக் குறை சொல்வோம், அப்புறம் பூச்சியை, கடைசியில் பிள்ளைகளை. கொங்குப் பகுதியில் முதலில் பார்க்க வேண்டியது காலண்டரை. பள்ளிக்கூடத்தின் ஆண்டு ஜூனில் தொடங்கி ஏப்ரலில் முடிகிறது. இங்கே மரக்கன்றின் ஆண்டு ஐப்பசியில்தான் தொடங்குகிறது. கோவை, திருப்பூர் சமவெளியில் ஆண்டுக்குச் சுமார் 600 முதல் 700 மில்லிமீட்டர் மழைதான். அதில் ஏறக்குறைய பாதியை வடகிழக்குப் பருவமழை கொடுக்கிறது. நாமோ ஜூன் 5 சுற்றுச்சூழல் தினத்தன்று நடுகிறோம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் வறண்ட காற்று ஆவணி வரைக்கும் அந்தக் கன்றைப் போட்டு உலுக்குகிறது. ஏப்ரல் கடைசியில், தண்ணீர் மிக அதிகமாகத் தேவைப்படும் நேரத்தில், பள்ளியைப் பூட்டிக்கொண்டு போகிறோம். கீழே வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த முரண்பாட்டிலிருந்து வருபவை.

பொள்ளாச்சி, ஆனைமலை போன்ற மலையடிவாரத்துக்காரர்களுக்கு விலக்கு உண்டு. தென்மேற்குப் பருவமழை அங்கே எட்டும் என்பதால் ஆனி, ஆடி நடவு பிழைக்கும். காங்கயம், தாராபுரம், வெள்ளகோவில், கரூர்ப் பக்கம் 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பதை மரக்கன்றுக்குப் பொருத்தாதீர்கள்.

விதை போட்டு ஒரு மாதமாகியும் முளைக்கவில்லை

எந்த மரம் என்று கேட்டுவிட்டுத்தான் பதில் சொல்ல முடியும். சில விதைகள் நாள்பட்டுச் செத்திருக்கும். சில விதைகள் உயிரோடு இருந்தும் தோல் கெட்டியாக இருப்பதால் தண்ணீர் உள்ளே போயிருக்காது.

வேம்பு, நாவல், இலுப்பை மூன்றும் முதல் வகை. வேப்பம்பழம் ஆனி, ஆடியில் உதிரும். சதையைப் பிசைந்து கழுவி, நிழலில் உலர்த்தி, இரண்டு மூன்று வாரத்துக்குள் போட்டுவிட வேண்டும். சந்தேகம் இருந்தால் நாலைந்து கொட்டையை உடைத்துப் பாருங்கள். பருப்பு பச்சையாக இருந்தால் உயிர் இருக்கிறது, பழுப்பேறியிருந்தால் இல்லை. "போன வருசம் பொறுக்குனது ஒரு சாக்கு இருக்குதுங்க சார்" என்று பிள்ளைகள் ஆசையாகக் கொண்டுவருவார்கள். அது புண்ணாக்குக்கு ஆகும், நாற்றுக்கு ஆகாது. நாவலும் இலுப்பையும் பழம் விழுந்த சூட்டோடு விதைக்க வேண்டியவை. ஒரே நாவல் கொட்டையிலிருந்து இரண்டு மூன்று முளை வருவதும் உண்டு, பிள்ளைகளுக்கு அது பெரிய வேடிக்கை. இந்த மூன்றும் பழுப்பது பள்ளி திறந்த புதிதில். பள்ளிக் காலண்டரும் மரத்தின் காலண்டரும் ஒத்துப்போகும் அரிய இடம் இது. ஜூன், ஜூலையில் பிள்ளைகளுக்குக் கொடுக்கத் தகுந்த வேலை கன்று நடுவதைக் காட்டிலும் விதை பொறுக்குவதுதான்.

வெள்வேல், வாகை, உசிலை, சரக்கொன்றை இரண்டாம் வகை. தண்ணீரைக் கொதிக்க வைத்து, அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு விதையைப் போட்டு, அப்படியே ஆறவிட்டு ஓர் இரவு ஊறவிடுங்கள். அடுப்பில் இருக்கும்போதே போட்டால் விதை வெந்துவிடும். காலையில் உப்பியிருப்பதை எடுத்து விதைத்துவிட்டு, உப்பாததை மறுபடி சுடுதண்ணீரில் போடுங்கள். கொதிநீர் வேலை ஆசிரியருடையது, பிள்ளைகள் வேடிக்கை பார்க்கட்டும்.

காங்கயம் பக்கத்தில் அடுப்பே வேண்டாம். வெள்வேலங்காயை ஆடு விரும்பித் தின்னும். ஆட்டின் வயிற்றுக்குள் போய் வந்த விதையின் தோல் இளகியிருக்கும். பட்டியைக் கூட்டும்போது அந்த விதையைச் சலித்து வாங்கிக்கொள்ளலாம். ஆட்டுக்காரரிடம் விதைக்காகப் போய் நிற்பதில் இன்னொரு லாபமும் இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

ஆலும் அரசும் விதையிலிருந்து வராமல் ஏமாற்றினால் அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஆலுக்குக் கைத்தடிமன் உள்ள போத்து, அதாவது கிளைத்துண்டு, வெட்டி மழைக்காலத்தில் நட்டால் போதும். பூவரசும் கிளுவையும் ஒதியனும் இதே மாதிரி போத்தில் வருபவை. பனையைப் பையில் போடவே கூடாது. அதன் முளை முதலில் நேராக மண்ணுக்குள் இறங்கிக் கிழங்கு கட்டும், பை அதற்குப் போதாது. புரட்டாசிக்கு முன்பின்னாகக் கொட்டையைக் குளக்கரையிலேயே நேராகப் புதைத்துவிடுங்கள். ஓலை வெளியே தெரிய மாதக்கணக்காகும், 'முளைக்கவில்லை' என்று யாரும் தோண்டிப் பார்க்காமல் இருக்க வேண்டும்.

முளைத்தது, ஒரு வாரத்தில் அடித்தண்டு கருத்துச் சாய்கிறது

நாற்றழுகல். காரணம் மண்ணில் இருக்கும் பூஞ்சை, அதற்குச் சோறு போடுவது நம் பூவாளி. பள்ளி நாற்றங்காலில் இது அதிகம் வருவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. காலையில் ஆறாம் வகுப்பு ஊற்றும், இடைவேளையில் ஏழாம் வகுப்பு ஊற்றும், சாயங்காலம் எட்டாம் வகுப்புக்கு வருத்தமாகிவிடும் என்று அவர்களும் ஊற்றுவார்கள். ஒரு நாளைக்கு ஒரு வகுப்பு என்று தாளில் எழுதி நாற்றங்கால் வாசலில் ஒட்டுங்கள். சாய்ந்த நாற்றைப் பிடுங்கி அப்புறப்படுத்துங்கள், இரண்டு நாள் தண்ணீரை நிறுத்துங்கள், அடர்த்தியாக முளைத்திருந்தால் கலைத்துவிடுங்கள். அடுத்த முறை தொழுவுரத்தோடு டிரைகோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சையைக் கலந்து பை நிரப்புங்கள். வேளாண் விரிவாக்க மையத்தில் கேட்டால் கிடைக்கும், விலையும் அதிகமில்லை.

பாத்தியில் முளை மட்டும் காணோம், மண் கிளறியிருக்கிறது

மயில். விரட்டலாம், அதற்கு மேல் எதுவும் செய்யக்கூடாது, சட்டப்படி பாதுகாக்கப்பட்ட பறவை. முதல் இரண்டிலை வரும்வரை பாத்தியின் மேல் பழைய சேலையையோ நிழல்வலையையோ தாழ்வாக இழுத்துக் கட்டுங்கள். மலையடிவாரத்தில் பனங்கொட்டை புதைத்த இடம் உழுதாற்போல் கிடந்தால் அது காட்டுப்பன்றி. கொட்டைக்கு மேல் வேலாமுள்ளைப் போட்டுக் கல் வைத்தால் கொஞ்சம் தடுக்கும், முழுதாகத் தடுக்காது.

பையில் இருக்கும் நாற்று மஞ்சளாகிறது

எந்த இலை, எந்த மாதிரி மஞ்சள் என்று கிட்டப்போய்ப் பாருங்கள்.

கீழே இருக்கும் முதிர்ந்த இலை முழுதாக வெளுத்தால் தழைச்சத்துக் குறைவு. பொள்ளாச்சிப் பக்கம் தென்னை நார்க்கழிவு மலிவாகக் கிடைப்பதால், அதைப் பச்சையாகவே பையில் நிரப்பிவிடுவார்கள். மட்காத நார்க்கழிவு தான் மட்குவதற்காக நாற்றின் தழைச்சத்தையும் இழுத்துக்கொள்ளும். அதில் உப்பும் இருக்கும். நன்றாகக் கழுவி மட்கவைத்ததை மட்டும், அதுவும் கொஞ்சமாகச் சேருங்கள். செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மட்கிய தொழுவுரம் ஒரு பங்கு என்ற பழைய கணக்கை மாற்ற வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை. இப்போதைக்குத் தேற்ற, மூன்று சதவீதப் பஞ்சகவ்யம், அதாவது ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி. நம் கொடுமுடி மருத்துவர் நடராஜன் விவசாயிகளிடம் பரப்பியதுதான். செய்முறை தெரிந்த ஒருவர் எல்லா ஊரிலும் இருப்பார்.

மேலே வரும் இளம் இலையில் நரம்பு மட்டும் பச்சையாகவும் இடையில் வெளுத்தும் இருந்தால் இரும்புச்சத்து ஏறவில்லை. சுக்கான், அதாவது சுண்ணாம்புக்கல், கலந்த மண்ணிலும் கடினத் தண்ணீரிலும் இது சகஜம். அன்னபேதி உப்பை லிட்டருக்கு 5 கிராம் கரைத்துச் சாயங்காலம் இலையில் தெளிக்கலாம். ஆனால் அடுத்த ஆண்டும் அதே இடத்து மண்ணையே எடுத்தால் அடுத்த ஆண்டும் இதே மஞ்சள் வரும்.

இலையின் ஓரமும் நுனியும் தீய்ந்து, பையின் மேல்மண்ணில் வெள்ளையாகப் பொரிந்திருந்தால் தண்ணீரில் உப்பு. ஆழ்குழாய்க் கிணற்றை மட்டும் நம்பும் பள்ளிகளில் இது உண்டு. நொய்யல் கரையோரத்தில், குறிப்பாக ஒரத்துப்பாளையம் அணையை ஒட்டிய ஊர்களில், சாயக்கழிவு பல ஆண்டு ஓடியதால் கிணற்றுத் தண்ணீர் எப்படி ஆனது என்பதை அங்கிருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அங்கெல்லாம் கூரை மழைநீரைத் தொட்டியில் பிடித்து நாற்றுக்கு என்று ஒதுக்குங்கள். முடியாவிட்டால் இலையில் படாமல், அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றாமல், ஊற்றும்போது பையின் அடித்துளை வழியாக வடியும் அளவுக்கு ஊற்றுங்கள். இனத்தையும் மாற்றுங்கள். பூவரசும் புங்கனும் உப்பை ஓரளவு தாங்கும்.

மண் சொதசொதவென்று இருக்கும்போதே வாடி மஞ்சளானால் அடித்துளை அடைத்திருக்கிறது. ஒரு குச்சியால் குத்திவிட்டால் சரி.

சந்தனம் மட்டும் மஞ்சளாகிக் குட்டையாக நிற்கிறதென்றால் அதற்குத் துணைச்செடி இல்லை. சந்தனம் பக்கத்துச் செடியின் வேரிலிருந்து உறிஞ்சி வாழும் மரம். பையிலேயே ஒரு துவரையோ பொன்னாங்கண்ணியோ வைத்து, அது சந்தனத்தை அமுக்காமல் அவ்வப்போது கிள்ளிவிட வேண்டும்.

பையில் செழிப்பாக இருந்தது, நட்டு ஓராண்டாகியும் அப்படியே நிற்கிறது

ஒன்றைத் தோண்டிப் பாருங்கள். தோண்ட மனம் வராது, ஆனால் ஒன்றைப் பலி கொடுத்தால்தான் மற்றவை ஏன் நிற்கின்றன என்று தெரியும்.

பை அப்படியே இருக்கலாம். சிரிக்காதீர்கள், விழா நடவில் இது நடக்கிறது. விருந்தினர் கையில் பையோடு கொடுத்து, அவர் குழியில் வைத்து, கேமரா மின்னி, மண்ணும் தள்ளியாகிவிடும். விழாவுக்கு முன்பே பையைக் கிழித்து எடுப்பதற்கென்று இரண்டு மாணவர்களை நியமித்து, கிழித்த பைகளை அவர்கள் எண்ணி ஒப்படைக்க வேண்டும் என்று வைத்தால் இந்தக் கோளாறு அன்றோடு தீர்ந்தது.

வேர் பைக்குள் சுற்றிச் சுருண்டிருக்கலாம். சிறிய பையில் ஓராண்டுக்கு மேல் வைத்திருந்த நாற்று இப்படித்தான் ஆகும். ஆடியில் போட்ட வேம்பை அதே ஐப்பசியில் நட்டால் கன்று பிஞ்சாக இருக்கும், அடுத்த ஐப்பசி வரை வைத்திருக்க வேண்டுமென்றால் உயரமான பெரிய பை தேவை. இதைப் பை வாங்கும்போதே முடிவு செய்யுங்கள். சுருண்ட வேரை நடுமுன் கத்தியால் இரண்டு பக்கமும் கீறி, அடியில் சுழன்றதை வெட்டிவிடலாம். பைக்கு வெளியே வேர் தரையில் இறங்கியிருந்தால் எடுக்கும்போது அறுபட்டு நாற்று துவண்டுபோகும். அதனால்தான் மாதம் ஒருமுறை பைகளை இடம் மாற்றி அடுக்கச் சொல்கிறார்கள். அடுக்கைக் கிளறும்போது தேளும் விரியனும் இருக்கும் என்று எச்சரிக்கையாக இருங்கள், பெரியவர் ஒருவர் முதலில் குச்சியால் தட்டிப் பார்த்த பிறகே பிள்ளைகள் கை வைக்கட்டும்.

இல்லையென்றால் குழி. ஓரடி தோண்டியதும் சுக்கான் பாறை தட்டி, 'போதும்' என்று விட்டிருப்பார்கள். கடப்பாரையால் அந்தத் தட்டை உடைத்துக் கீழே போக வேண்டும். இரண்டடிக்கு இரண்டடிக் குழியை பங்குனி, சித்திரையிலேயே எடுத்து வெயிலில் காயவிட்டால் ஐப்பசி மழைக்குத் தயாராக இருக்கும். பஞ்சாயத்தில் பேசி நூறு நாள் வேலையில் குழி எடுக்க வைத்த ஊர்கள் உண்டு, அங்கே பிள்ளைகளுக்கு மண்வெட்டி வேலை மிச்சம். கரிசல் மண்ணாக இருந்தால் ஒரு மாற்றம்: செம்மண்ணில் கன்றைச் சுற்றிப் பாத்தி தாழ்வாக இருக்கட்டும், கரிசலில் கன்று மேட்டில் இருக்கட்டும். கரிசல் குழியில் ஐப்பசித் தண்ணீர் தேங்கி வேர் அழுகும். அதே கரிசல் பங்குனியில் வெடித்து வேரை அறுக்கும். வெடிப்பை மண்ணால் மூடிச் சருகால் மூடாக்குப் போடுங்கள்.

மாசியில் ஒரு இலை இல்லை

பிடுங்கிவிடாதீர்கள். நகத்தால் பட்டையை லேசாகச் சுரண்டுங்கள். பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. நுனியில் காய்ந்து நடுவில் பச்சை இருந்தால் காய்ந்த வரை வெட்டுங்கள். உசிலையும் வெட்பாலையும் வறட்சியில் இலையை உதிர்த்துவிட்டு நிற்பவை, அது அவற்றின் வழக்கம். 'காய்ந்துபோச்சு' என்று பிள்ளைகள் பிடுங்கிப் போடும் கன்றுகளில் பலவற்றுக்கு உயிர் இருக்கும்.

பங்குனிக்கும் வைகாசிக்கும் இடையில் கருகிவிடுகிறது

கொங்கு நாட்டில் மரம் வளர்ப்பின் பெரிய கேள்வி இதுதான். நட்ட முதல் கோடையைத் தாண்டிய கன்று பெரும்பாலும் மரமாகும். அந்தக் கோடையில்தான் பள்ளி பூட்டியிருக்கும்.

நடுவதற்கு முன்பே ஒரு கணக்குப் போடுங்கள். தை பிறந்ததிலிருந்து கோடை மழை வரும்வரை, ஒரு கன்றுக்கு வாரம் ஒரு குடம் தண்ணீர். மே மாதத்தில் உங்கள் பள்ளியில் வாரத்துக்கு எத்தனை குடம் கிடைக்கும், தூக்க யார் இருக்கிறார்கள்? அத்தனை கன்று மட்டும் நடுங்கள். நூறு கன்று நட்டுப் பத்து பிழைப்பதற்குப் பத்து நட்டுப் பத்தும் பிழைக்கட்டும். நன்கொடையாளர் 'ஆயிரம் கன்று' என்று பேனர் அடித்துக்கொண்டு வந்தால், பேனருக்கு நன்றி சொல்லி, மீதியைத் தோட்டக்காரர்களுக்குக் கொடுத்துவிடலாம். வேலியும் கிணறும் உள்ள தோட்டத்தில் கன்று பிழைக்கும் வாய்ப்பு வேறு. 2015-இல் தொடங்கிய 'வனத்துக்குள் திருப்பூர்' முயற்சி, பராமரிக்க ஒப்புக்கொண்ட நில உரிமையாளர்களைத் தேடிப் போனதில் இருக்கும் புத்தி இதுதான்.

தினமும் ஒரு சொம்பு ஊற்றுவது வாரம் ஒரு குடத்துக்கு ஈடாகாது. மேலோட்டமாக நனைத்தால் வேரும் மேலேயே படரும், ஒரு வாரம் தவறினால் தீர்ந்தது. கன்றுக்குப் பக்கத்தில் பழைய மண்பானையைக் கழுத்து வரை புதைத்து, அடியில் துளையிட்டுத் துணித்திரி செருகிவிட்டால் தண்ணீர் மெதுவாகக் கசியும். பானையை மூடி வையுங்கள், கொசு வரும். பள்ளிக்கூடத்தில் தட்டு கழுவும் தண்ணீரும் கை கழுவும் தண்ணீரும் வீணாகப் போகிற திசையைப் பாருங்கள். காலை உணவு, மதிய உணவு என்று இரண்டு வேளை ஓடுகிறது. அந்த வாய்க்காலின் ஓரத்தில் முதல் வரிசையை நட்டால் ஏப்ரல் வரைக்கும் கவலையில்லை. மே மாதத்துக்குத்தான் ஆள் வேண்டும்.

அந்த ஆளை ஏப்ரல் மூன்றாம் வாரத்திலேயே முடிவு செய்ய வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பெயர் எழுதுங்கள்: எந்த வாரம் யார், கேட் சாவி யாரிடம், மோட்டார் அறைச் சாவி யாரிடம். இரண்டாவது சாவியைத்தான் எல்லோரும் மறப்பார்கள். தண்ணீர் ஊற்ற ஆள் வந்து, தண்ணீர் எடுக்க வழியில்லாமல் திரும்பிப் போவது வருத்தமான விஷயம்.

ஆடு தின்றுவிட்டது

இரும்புக் கூண்டு போடுவதற்கு முன் ஆட்டுக்காரரிடம் போய்ப் பேசுங்கள். 'உங்க ஆடு கன்னத் தின்னுபோடுச்சு' என்று போனால் பேச்சு அங்கேயே முறிந்துவிடும். 'பட்டியில வெள்வேல வெத கிடைக்குங்களா அம்முச்சி?' என்று முதல் தடவை போயிருந்தால் இரண்டாம் தடவை இதைச் சொல்ல ஒரு வழி இருக்கும். மேய்ச்சல் எந்த வழியாக, எந்த நேரத்தில் போகிறது என்று தெரிந்துகொண்டு, நடும் இடத்தையே தள்ளி வைக்கலாம்.

வாகை, உசிலை, ஆத்தி, ஆல், அரசு எல்லாம் ஆட்டுக்குப் பிடித்தவை. புங்கனை அது அவ்வளவாகத் தொடாது. திறந்த இடத்தில் வெளிவரிசைக்குப் புங்கன், உள்ளே மற்றவை. சாணிக்கரைசலை இலையில் தெளித்தால் சில நாள் ஒதுங்கிப் போகும், மழை பெய்தால் மறுபடி தெளிக்க வேண்டும். வேலாமுள்ளைச் சுற்றி அடைப்பது இன்றைக்கும் மலிவான காவல். நிரந்தரமாக வேண்டுமென்றால் கிளுவை உயிர்வேலி. வேலியடைத்த மேய்ச்சல் நிலமான கொறங்காட்டை வைத்திருப்பவர்கள் தலைமுறைகளாக நம்பும் வேலி அது, போத்து வெட்டி நெருக்கமாக நட்டால் போதும். கிளுவை அடர ஓரிரண்டு ஆண்டாகும், அதுவரை முள் இருக்கட்டும்.

கூண்டு வைத்தவர்களுக்கு ஒரு நினைவூட்டல்: தண்டு பருத்ததும் கழற்றுங்கள். கம்பி பட்டைக்குள் புதைந்து மரத்தை நெரிப்பதைச் சாலையோரத்தில் பார்க்கலாம்.

சாய்கிறது, சுழல்கிறது, அடித்தண்டில் சிராய்ப்பு

காற்று. ஆனி, ஆடியில் அது மேற்கிலிருந்து வரும். கன்றுக்கு மேற்கே குச்சி ஊன்றி, பழைய துணியால் எட்டு வடிவில் தளர்வாகக் கட்டுங்கள். கயிறும் கம்பியும் அறுக்கும்.

கரையான் ஏறுகிறது

பெரும்பாலும் வாடிய கன்றில்தான் ஏறும், எனவே முதலில் தண்ணீரைச் சரிசெய்யுங்கள். மூடாக்குச் சருகு தண்டில் படாமல் ஒரு சாண் தள்ளியிருக்கட்டும். குழியில் வேப்பம் புண்ணாக்கு.

பார்த்தால் பயமாக இருக்கும், ஆனால் விட்டுவிட வேண்டியவை

புங்கன் இலையில் கொப்புளம் கொப்புளமாக முடிச்சு: கண்ணுக்குத் தெரியாத சிலந்திப்பேன் செய்வது, மரத்தைக் கொல்லாது. சரக்கொன்றை இலை ஒரே வாரத்தில் மொட்டை: மஞ்சள் வண்ணத்துப்பூச்சியின் புழு. மருந்து அடித்தால் ஒரு நல்ல அறிவியல் பாடம் கெட்டுப்போகும். புழுவைக் கண்ணாடிச் சீசாவில் இலையோடு வைத்துக் கூட்டுப்புழு ஆவதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள், கொன்றை மறுபடி தழைக்கும்.

வளர்ந்த வேப்ப மரங்கள் மழைக்காலத்தையொட்டி நுனி நுனியாகத் தீய்ந்து பழுப்பாவது ஊரையே பயமுறுத்தும். தேயிலைக் கொசு எனப்படும் சாறு உறிஞ்சும் பூச்சியும் ஒரு பூஞ்சையும் சேர்ந்து செய்யும் வேலை இது. பெரும்பாலான மரங்கள் பிறகு துளிர்த்துவிடும். வெட்ட அவசரப்படாதீர்கள். நாற்றங்காலில் வந்தால் மட்டும் கருகிய நுனியை வெட்டி எரித்து, வேப்பெண்ணெய்க் கரைசல் தெளியுங்கள்.

எல்லாம் பிழைத்தது, ஆனால் ஒரு குருவி வரவில்லை

வைத்த மரம் எது? குல்மொகர், தூங்குமூஞ்சி, கோனோகார்பஸ் என்றால் அப்படித்தான் இருக்கும். நிழல் கிடைக்கும், பூக்கூடத் தெரியும், ஆனால் இந்த மண்ணின் பூச்சியும் பறவையும் அவற்றோடு அவ்வளவாகப் பழகியதில்லை. இலவசமாகக் கிடைக்கும் கன்றையெல்லாம் வாங்கிக்கொள்வதால் வரும் கோளாறு இது. 2022-இல் தொடங்கிய பசுமைத் தமிழகம் இயக்கம் மாநிலத்தின் பசுமைப் பரப்பை 33 சதவீதத்துக்குக் கொண்டுபோக இலக்கு வைத்திருப்பதால், வனத்துறை நாற்றங்கால்களில் கன்று கிடைப்பது இப்போது சிரமமில்லை. ஆனால் தேக்கும் மகாகனியும் தடிமரத்துக்காக வளர்ப்பவை. என்னென்ன இருக்கிறது என்று பட்டியல் கேட்டு, வேண்டியதை மட்டும் எடுங்கள். மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியும் கோவையில் இருக்கும் வன மரபியல் நிறுவனமும் ஒரு கடிதம் எழுதிக் கேட்கத் தகுந்த தூரத்தில்தான் இருக்கின்றன.

எது நம் மரம் என்ற சந்தேகத்துக்கு என் பதில், பள்ளியிலிருந்து நாலைந்து கிலோமீட்டருக்குள் இருக்கும் பழைய கோயில் நிலத்தையும் பழைய வேலியையும் போய்ப் பார்ப்பது. காங்கயம், தாராபுரம் வறண்ட மேட்டில் வெள்வேல், உசிலை, ஆத்தி, வேம்பு, வேலியில் கிளுவை, கீழே கொழுக்கட்டைப் புல். கொறங்காட்டின் சேர்க்கை அது, புல்லை விட்டுவிட்டு மரத்தை மட்டும் நட்டால் அந்த இடம் திரும்பாது. பள்ளத்து ஓரத்திலும் குளக்கரையிலும் நீர்மருது, நாவல், புங்கன், அத்தி, கரைமேல் பனை. பள்ளி வளாகத்துக்குள் மகிழம், பூவரசு, விளா, நெல்லி என்று பிள்ளைகள் தொட்டு விளையாடவோ தின்னவோ கூடியவற்றையும் சேருங்கள். விளாம்பழத்துக்காக மரத்தைக் காவல் காக்கும் பிள்ளைகளை எந்தச் சுற்றறிக்கையாலும் உருவாக்க முடியாது.

விதைப்பந்து வீசினோம், ஒன்றும் வரவில்லை

வராது. ஊறவைக்காத கெட்டித்தோல் விதை, மேல் மண் இல்லாத இடம், மழைக்கு முந்தைய ஜூன். எறும்பும் எலியும்தான் சாப்பிட்டிருக்கும். பிள்ளைகளுக்குச் செய்யப் பிடிக்கிறதென்றால் செய்யட்டும், ஆனால் வெந்நீரில் ஊறி உப்பிய வெள்வேல் விதையை வைத்து, ஐப்பசி முதல் கனமழையன்று, வேலியோரப் புதருக்குள் போட வேண்டும். முட்புதர் ஆட்டிடமிருந்து காக்கும். பேருந்து சன்னலிலிருந்து எறிவது படத்துக்கு நன்றாக இருக்கும்.

முதல் மாதம் கூட்டம், அப்புறம் பிள்ளைகள் வருவதில்லை

தாமதமாக வந்தவர்களைத் தண்ணீர் ஊற்ற அனுப்பும் வழக்கம் இருக்கிறதா பாருங்கள். தண்டனையாகக் கொடுத்த வேலையை எந்தப் பிள்ளையும் விரும்பாது. 'ஆளுக்கொரு மரம்' என்று பெயர்ப்பலகை வைப்பதிலும் சிக்கல் இருக்கிறது. தன் மரம் செத்த பிள்ளை அந்தப் பக்கமே வராது, எட்டாம் வகுப்பு முடித்த பிள்ளை ஊர் உயர்நிலைப் பள்ளிக்குப் போய்விடும். ஆறும் ஏழும் சேர்ந்து ஒரு வரிசையைப் பார்த்துக்கொள்ளட்டும், ஆண்டு முடியும்போது ஏழு விலகிக்கொள்ளும், ஆறு புதியவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கும். பத்து, பன்னிரண்டாம் வகுப்புக்காரர்களை மாசிக்குப் பிறகு எதிர்பார்க்காதீர்கள். காலாண்டுத் தேர்வு விடுமுறை முடிந்து திரும்பிய பிறகு, ஐப்பசி பிறக்கும் நேரம்தான் நடவுக்குப் பொருத்தம், மழையும் அப்போதுதான் வரும்.

பொறுப்பாசிரியர் மாறுதலாகிப் போனதும் நாற்றங்கால் படுத்துவிடுவது இன்னொன்று. பள்ளியின் சுற்றுச்சூழல் மன்றமான தேசிய பசுமைப் படையின் பதிவேட்டில் எந்த விதை, எந்தத் தாய்மரம், எந்த மாதம், எத்தனை பிழைத்தது என்று மாணவர் கையெழுத்திலேயே இருந்தால் அடுத்து வருபவர் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

ஊர் ஒட்டவில்லை

நடவு முடிந்த பிறகு அழைத்தால் ஒட்டாது. தாய்மரம் எங்கே இருக்கிறது என்று கேட்கப் போகும்போதே அழையுங்கள். எந்த இலுப்பை நன்றாகக் காய்க்கும், எந்தக் கிணறு சித்திரையிலும் வற்றாது என்பதெல்லாம் ஊர்ப் பெரியவர்களுக்குத்தான் தெரியும். மாரியம்மன் நோன்பு சாட்டுவதற்கு முன் கூடும் ஊர்க்கூட்டத்தில் ஐந்து நிமிடம் கேட்டு வாங்குங்கள். கோயில் நிலத்தில் நட்ட மரத்தை ஒடிக்க ஆள் தயங்குவார்கள், அந்தத் தயக்கம் முள்வேலியைவிட வலுவானது.

மூன்று வருஷ மரத்தை வெட்டிவிட்டார்கள்

மின்கம்பிக்குக் கீழே இருந்தால் மின்வாரியத்தார் வந்து வெட்டத்தான் செய்வார்கள், அங்கே ஆலும் வாகையும் வைத்திருக்கக் கூடாது. சாலையோரமாக இருந்தால் அகலப்படுத்தும்போது போகும். கோவையில் அவிநாசி சாலையிலும் மேட்டுப்பாளையம் சாலையிலும் பெரிய மரங்களே போயின. நடுவதற்கு முன் கிராம நிர்வாக அலுவலரிடம் புலப்படம் பார்த்து, நிலம் பள்ளிக்கா, புறம்போக்கா, நெடுஞ்சாலைக்கா என்று உறுதி செய்யுங்கள். புறம்போக்கில் நட்டால் ஊராட்சித் தீர்மானம் வாங்கி, அதன் நகலைப் பள்ளியிலும் மேலாண்மைக் குழுத் தலைவர் வீட்டிலும் வையுங்கள். அரசு நிலத்து மரத்தை வெட்ட மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி தேவை. யாராவது கோடரியோடு வந்தால் முதலில் கேட்க வேண்டியது அந்தக் கடிதத்தை. வெட்டிய அடிக்கட்டை வேம்பாகவோ புங்கனாகவோ வாகையாகவோ இருந்தால் தோண்டி எடுக்க விடாதீர்கள். வேர் ஆழமாக இருப்பதால் அது மறுபடி துளிர்க்கும். துளிர்களில் நேரான ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை ஒடித்துவிடுங்கள்.